அளக்காமல் விட்ட இருபத்தேழாம் எண்

கடைத்தெருவில் மொத்தம் நாற்பத்தொரு கட்டடங்கள். நாற்பதை அவள் அளந்தாள். அளக்காமல் விட்ட ஒன்றைத்தான் கடைசிவரை சுமந்தாள்.

நகராட்சி அலுவலகத்தில் கட்டடப் படம் வரைகிற வேலை அவளுக்கு. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவள் ஸ்கேல் அக்கா. கைப்பைக்குள் அடங்காமல் எப்போதும் அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கேலால் வந்த பெயர். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் விலாவைத் தடவிக்கொண்டே இறங்குவார்கள். மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை.

அந்தத் தெருவின் கட்டடங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தவை. தெருவிலிருந்து இரண்டரை அடி உயர்ந்த தளம், அதற்கு மூன்று கல்படி, மரத்தூண்கள், உயரமான ஜன்னல்கள், மேலே கூரையை மறைக்கும் பூவேலைச் சுவர். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை, தெருமுனை மருந்துக்கடைக்காரர் தூண்கள் நான்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி ஒட்டும்வரை. வெயில் பட்டால் எதிர்வரிசையில் உட்கார முடியவில்லை. புகார் வந்தது.

"இன்னைக்கு இவரு நீலம் ஒட்டுவாரு, நாளைக்கு இன்னொருத்தர் பச்சை ஒட்டுவாரு. தெருவே சோடா பாட்டில் மாதிரி ஆயிடும்" என்றார் ஆணையர். "எதை மாத்தலாம், எதை மாத்தக் கூடாதுன்னு ஒரு புத்தகம் போடுங்க. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு படம், அளவோட. நீங்கதான் செய்யணும். வேற யாரு இருக்கா?"

வேறு யாரும் இல்லைதான். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை அவள் வரைந்தது எல்லாம் கழிப்பறைத் தொட்டியும் சுற்றுச்சுவரும்தான்.

வேலையை ஆசை ஆசையாகத் தொடங்கினாள். டேப்பின் ஒரு முனையைப் பியூன் பிடித்துக்கொள்வார், மறுமுனையை அவள். படி எத்தனை அங்குலம், ஜன்னலின் உயரம் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு, பெயர்ப்பலகை தூணை மறைக்கிறதா, சுண்ணாம்புக்கு அடியில் என்ன நிறம், எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒரு கட்டடத்துக்கு ஒரு பக்கம்.

இருபத்தாறும் இருபத்தேழும் ஒட்டிப் பிறந்தவை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி என்று இரண்டு பேர் கட்டியதாகச் சொல்வார்கள். இருபத்தாறில் துணிக்கடை. இருபத்தேழில் பூட்டுக்காரர்.

பூட்டுக்காரருக்குச் சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது. நாள் முழுக்கத் தரையில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து, பூட்டைப் பிரித்துப் போட்டுச் சாவி அராவிக்கொண்டிருப்பார். அவருடைய கால்தான் ஓய்ந்தது, வாய் ஓய்ந்ததில்லை. தெருவில் போகிறவர்களைப் பிடித்து நிறுத்தி, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு கேட்டு வந்தவன் கதை, மாமியாரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போட்டவன் கதை என்று அளந்துவிடுவார். பாதி பொய் என்று எல்லோருக்கும் தெரியும். சிரித்துவிட்டுப் போவார்கள்.

"என்ன மேடம், தெருவுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா? நாலு நாளா டேப்பும் கையுமா சுத்துறீங்க" என்று எதிர்வரிசையில் நின்றிருந்த அவளைப் பார்த்து ஒருநாள் சத்தம் போட்டார். தெருவே சிரித்தது. "பட்டன் எங்க வைப்பீங்க? மருந்துக்கடையிலயா?"

அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் குத்தியது. தன் பெரிய வேலையை ஒரு பூட்டு ரிப்பேர்காரர் சட்டையாக்கிவிட்டாரே என்று இருந்தது.

இருபத்தாறை அளந்து முடித்தபோது நான்கு மணி. பியூன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்ததும் இதே அளவுதானேக்கா? கண்ணாடியில பார்த்த மாதிரிதானே இருக்கு?" என்றார். அவள் இருபத்தேழைப் பார்த்தாள். வாசலில், ஜன்னலின் அடிப்பக்கத்தை மறைத்தபடி தள்ளுவண்டி ஒன்று நின்றது. ஜன்னலில் சாவிக்கொத்துகள் தொங்கும் பலகை. அதற்குப் பின்னால் அந்த வாய். இப்போது போனால் அரை மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்வார். நாளை மறுநாள்வரை தெருவுக்கு அதுதான் சிரிப்பு.

"ஆமா, அதே அளவுதான்" என்றாள்.

பிற்பாடு பல தடவை அந்தப் பிற்பகலைக் கிண்டிக் கிளறி ஒரு காரணம் தேடியிருக்கிறாள். மழை பெய்திருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். எதுவும் இல்லை. ஒரு மனிதரின் கேலிக்குப் பயந்து பக்கத்துப் படியில் ஏறாமல் போனாள், அவ்வளவுதான்.

மறுநாள் அலுவலகத்தில் இருபத்தாறின் ட்ரேசிங் தாளை அப்படியே புரட்டிப்போட்டு, மேலே இன்னொரு தாளை வைத்து நகல் எடுத்தாள். இடப்பக்கம் இருந்த கதவு வலப்பக்கம் வந்தது. பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு உயரமான ஜன்னல்கள். கீழே இருபத்தேழு என்று எழுதினாள். மற்ற படங்களைப் போலவே அழகாக இருந்தது.

புத்தகத்தை அச்சடித்தது அவள் கணவர் வேலை பார்த்த அச்சகம். அவரே மூன்று முறை ப்ரூஃப் பார்த்தார். "என் பெண்டாட்டி புத்தகத்துல ஒரு புள்ளி தப்பா இருந்தா நான் தலையை மொட்டை அடிச்சுக்குவேன்" என்று அச்சகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அட்டையில் அவள் பெயர். பக்கத்து ஊர்களிலிருந்து வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நற்சான்றிதழ் ஒன்றும் கிடைத்தது. கணவர் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

புத்தகத்தின் ஒன்பதாம் விதியை எழுதியவளும் அவள்தான். படத்திலுள்ள அளவிலிருந்து மாறுபடும் கதவு, ஜன்னல் எல்லாம் பிற்காலத்தில் செய்த மாற்றங்களாகக் கருதப்படும். ஆறு மாதத்துக்குள் அவற்றைப் பழைய அளவுக்குத் திருப்ப வேண்டும். எழுதும்போது அந்த நீலக் கண்ணாடிதான் அவள் மனதில் இருந்தது.

ஒரு வருடம் கழித்துச் சரிபார்க்கும் குழு தெருவில் இறங்கியது. கையில் புத்தகம், கண்ணெதிரே கட்டடம். இருபத்தேழுக்கு வந்ததும் குழு நின்றது. படத்தில் இரண்டு ஜன்னல்களும் தளத்திலிருந்து மூன்றடி உயரத்தில் தொடங்கின. நேரில் ஒன்றுதான் அப்படி. மற்றது தளத்திலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே தொடங்கி, அகலமாக, கீழே இறங்கி இருந்தது. உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கும் மனிதரும் வெளியே தெருவில் நிற்கும் மனிதரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசும்படியான ஜன்னல். நோட்டீஸ் போனது.

பூட்டுக்காரர் கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். படியேறி வந்த மூச்சு அடங்கவில்லை.

"மேடம், இந்தக் காகிதம் என்னமோ சொல்லுது. என் ஜன்னலை நான் வெட்டிப் பெருசாக்கினேனாம். என் அப்பா காலத்துலயே அது அப்படித்தானே இருக்கு? அதுக்கு முன்னாடி அங்க கடிகாரம் ரிப்பேர் பண்ணினவரும் அதுலதான் உட்கார்ந்திருந்தாரு."

"படத்துல வேற மாதிரி இருக்கே" என்றாள்.

"படத்தை யாரு போட்டது? நீங்கதானே? வந்து பாருங்க, மாத்திப் போடுங்க. இதுல என்ன இருக்கு?"

"குழுவுல சொல்லுங்க" என்றாள். அவர் போன பிறகு நோட்டைப் புரட்டினாள். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தெட்டு. நடுவில் பக்கமே இல்லை. நோட்டை மூடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

குழு கூடிய அன்று ஆணையரோடு சேர்த்துப் பதினோரு பேர். துணிக்கடைக்காரர், ரொட்டிக்கடை அம்மா, பள்ளியின் பழைய தலைமை ஆசிரியர், ஒரு வக்கீல், அரிசிக்கடைக்காரர் என்று தெருவுக்கு வேண்டப்பட்டவர்கள். அவள் சுவரோரமாகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூட்டுக்காரருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"ஐயா, நான் பொழுதன்னிக்கும் அந்த ஜன்னல்லதான் இருக்கேன். ஒரு ஈ போனாக்கூட எனக்குத் தெரியும். இந்த மேடம் என் கடையை அளக்கவே வரல. பக்கத்துக் கடை வரைக்கும் வந்தாங்க, திரும்பிப் போயிட்டாங்க."

"ஜன்னலை எப்ப வெட்டினாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும், அளந்தவங்களுக்குத்தானே தெரியும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுவும் அந்தக் கிணத்துல போட்ட சாவி மாதிரி இல்லையே?" என்றார் துணிக்கடைக்காரர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஆணையர் அவள் பக்கம் திரும்பினார். "அளந்தீங்களா?"

மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. பதினோரு முகங்கள். மடியில் புத்தகம், அதில் அவள் பெயர்.

"அளந்தேன் சார்."

ரொட்டிக்கடை அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்ப்பா, எங்ககிட்ட விடுற கதை பத்தாதுன்னு ஆபீஸ்லயும் வந்து விடுறியா?" அறையே சிரித்தது. எதற்கும் பதில் வைத்திருக்கிற பூட்டுக்காரர் அவளை ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அப்புறம் கட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜன்னலை உயர்த்துகிற அன்று கொத்தனார் ஆள் அனுப்பினார்: அக்காவை ஒரு நிமிடம் வரச் சொல்லுங்கள் என்று. போனாள். பூட்டுக்காரர் அங்கே இல்லை. ஜன்னலின் அடிப்பக்கம் பூச்சைக் கொத்தி எடுத்திருந்தார்கள். ஒரே கல்லால் ஆன நீண்ட பலகை முழுதாகத் தெரிந்தது; அதன் மேல்பக்கம் முழங்கை பட்டுப் பட்டு நடுவில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"இந்தக் கல்லைப் பாருங்கக்கா. ரெண்டு முனையும் ஒரு அடிக்கு மேல சுவருக்குள்ள போகுது. மேல இருக்கிற செங்கல் எல்லாம் இது மேலதான் உட்கார்ந்திருக்கு. சுவர் எழும்பும்போதே வெச்சாத்தான் இப்படி வைக்க முடியும். பின்னாடி யாரும் நுழைச்சிருக்க முடியாது" என்றார் கொத்தனார். குரலைத் தணித்து, "இது பழசுக்கா. தெருவுலயே இதுதான் பழசு மாதிரி இருக்கு. என்ன செய்யட்டும்?" என்றார்.

அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல் அவர் நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பார்த்தேன், தவறிவிட்டது, நிறுத்துங்கள். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் அளந்தேன் சார் என்ற வார்த்தை நின்றது.

"படத்துல இருக்கிற மாதிரி கட்டுங்க" என்றாள்.

"சரிக்கா" என்றார் கொத்தனார். சாந்துச் சட்டியை இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்றடி உயரம் சுவர் எழும்பியது. அதன் பிறகு பூட்டுக்காரர் பலகையில் உட்கார்ந்தால் ஜன்னலில் தெரிந்தது எதிர்வீட்டுக் கூரையும் கொஞ்சம் வானமும்தான். அவரைத் தெருவுக்குத் தெரியவில்லை. சாவி நகல் எடுக்க வருகிறவர்கள் மூன்று படி ஏறி இருட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது; பலர் ஏறவில்லை. சில மாதங்களில் கடையை அடைத்துவிட்டுப் பேருந்து நிலையத்தின் பக்கவாட்டில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கேயும் வியாபாரம் இருந்தது. கதைகள் மட்டும் நின்றுபோயின. கதை சொல்ல வாயெடுத்தால், "என்னண்ணே, இன்னைக்கு எத்தனை ஜன்னல்?" என்று கேட்பது ஊரில் வாடிக்கையாகிவிட்டது. அவளே ஒருநாள் காதால் கேட்டாள். பேருந்து நிலையத்தின் வழியே போவதை அத்தோடு விட்டாள். வீட்டுக்குப் போக இன்னொரு வழி இருந்தது, கால் மணி நேரம் கூடுதல்.

இப்படி ஆறு வருடம். கூடத்துச் சான்றிதழை, சுவர் ஈரம் என்று சொல்லி உள்ளறைக்கு மாற்றினாள். கணவர் அதை ஆணியோடு திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். உறவினர் வீட்டு விசேஷங்களில் யாராவது புத்தகத்தைப் பற்றி எடுத்தால் பாத்திரம் எடுத்து வைக்கப் போய்விடுவாள். "இவளுக்குத் தற்பெருமையே கிடையாது" என்று நாத்தனார் சொன்னபோது, தொட்டியடியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஆறாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் சாவியை உள்ளேயே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திவிட்டார். இரண்டு பேரும் வாசலில். "இரு, ஆளைக் கூட்டிட்டு வரேன்" என்று போனவர் யாரைக் கூட்டிக்கொண்டு வருவார் என்பது அவளுக்கு அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. பக்கத்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று செருப்பைத் தேடினாள். அதற்குள் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது.

பூட்டுக்காரர் தலையசைத்தார். வாசலில் உட்கார்ந்து கம்பியை நுழைத்தார். கணவருக்குச் சும்மா இருக்க முடியாது.

"இவங்களைத் தெரியுமில்ல? கடைத்தெரு புத்தகம் போட்டவங்க."

"தெரியாம என்ன சார். என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. என் கடை படம்கூட அதுல வந்திருக்கே." பூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ரொம்ப அழகா இருக்கு. என் கடை மாதிரியே இல்ல."

கணவர் பெரிதாகச் சிரித்தார். ஏதோ பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். பூட்டு திறந்துகொண்டது. அவள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.

மறுநாள் புது ஆணையரின் அறைக்குப் போனாள். பழையவர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார். இவர் சின்ன வயது, வேகமானவர். இருபத்தேழின் படம் தவறு, அந்த ஜன்னல் முதலிலிருந்தே கீழிறங்கி இருந்தது, கொத்தனாரே சாட்சி என்றாள். எப்படித் தவறியது என்பதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் கையை உயர்த்தினார்.

"எப்படின்னு எதுக்குக்கா? இத்தனை ஊர்ல அந்தப் புத்தகத்தை வெச்சிருக்காங்க. ஒரு படம் தப்புன்னா எல்லாப் படத்தையும் கேள்வி கேப்பாங்க. அச்சுப் பிழைன்னு ஒரு திருத்தம் போட்டுடலாம். ஜன்னலையும் நாமளே இறக்கிக் குடுத்துடலாம். அவருக்கும் வேலை ஆச்சு, நமக்கும் தலைவலி இல்ல."

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகப் பிற்பாடு கூசியதுபோல் வேறு எதற்கும் அவள் கூசியதில்லை. தட்டச்சு செய்து வந்த திருத்தத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மாதத்தில் சுவரை இடித்தார்கள். கொத்தனார் அந்தக் கல்லைச் சிதைக்காமல்தான் மேலே கட்டியிருந்தார். துடைத்தால் போதுமாக இருந்தது. பூட்டுக்காரர் பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வந்து பழைய பலகையில் உட்கார்ந்தார். திருத்தத் தாள் அச்சகத்துக்குப் போயிற்று, புத்தகத்தோடு ஒட்டிக் கொடுப்பதற்காக.

மறுநாள் காலை கணவர் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அடுக்களைக்கு வந்தார். கையில் அந்தத் தாள்.

"நேத்து இது வந்துச்சு. அச்சுப் பிழைன்னு போட்டிருக்கு. மொதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு, என்னய்யா இதுன்னு. ராத்திரி முழுக்க யோசிச்சேன். படத்துல நான் கையே வைக்கலையே? நீ குடுத்ததை அப்படியேதானே போட்டேன்?"

அவர் அவளைக் குற்றம் சொல்லவில்லை. தன்மேல்தான் பிழை தேடிக்கொண்டிருந்தார். அச்சுத் தட்டு தலைகீழாகிவிட்டதா, தாள் மாறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் அடுப்பை அணைத்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணல. நான் அந்தக் கடையை அளக்கவே இல்ல."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் முழுதையும் சொன்னாள். பியூன் கேட்டது, தாளைப் புரட்டிப் போட்டது, குழுவில் சொன்னது, கொத்தனாரிடம் சொன்னது. சொல்லி முடித்தபோது அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி அந்தத் தாள் நனைந்திருந்தது.

"ஆறு வருஷம்" என்றார். தாளை உதறிவிட்டு, "அதுக்கப்புறம் பழியை என் மேலயா போட்டே?" என்றார்.

"ஆணையர்தான் எழுதினாரு."

"கையெழுத்து?"

"என்னுதுதான்" என்றாள். அவர் சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பினார். போகிறபோது கூடத்தில் நின்று சான்றிதழை அண்ணாந்து பார்த்தார். கழற்றுவார் என்று நினைத்தாள். கழற்றவில்லை.

அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போனாள். நடுப்பகல். ஜன்னலில் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிட்டே போனாள். பூட்டுக்காரர் சாவி அராவிக்கொண்டிருந்தார். அவள் முகமும் அவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"வாங்க மேடம். அச்சுப் பிழையாமே?"

"இல்ல. நான் அளக்க வரல. நீங்க சொன்னதுதான் நிஜம். கேட்டப்ப நான் பொய் சொன்னேன். மன்னிச்சுடுங்க."

அரம் நின்றது. அவர் சாவியை ஊதித் தூசி தட்டினார்.

"இதை எனக்கு எதுக்குச் சொல்றீங்க?" என்றார். சத்தம் போடவில்லை. "நீங்க வரலைன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே இங்க உட்கார்ந்திருந்தேன்."

அவள் கல்லின் தேய்ந்த நடுப்பகுதியையே பார்த்தாள்.

"ஜன்னல் போனா போகட்டும்னு விட்டுட்டேன் மேடம். பேருந்து நிலையத்துலயும் பூட்டு இருக்கு, சாவி இருக்கு. நான் சும்மா கதை விடுறவன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அன்னைக்கு ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொல்ல அவ்வளவு படி ஏறி வந்தேன். அன்னைக்குப் பார்த்து என்னைப் பொய்யனாக்கிட்டீங்க. அதுக்கப்புறம் என் வீட்டுல, என் சம்சாரமே கேட்டா, நிஜமா நீ வெட்டலையான்னு. அந்த அறையில பதினோரு பேர் இருந்தாங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க."

அவள் சரி என்றாள். சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது.

முதலில் பக்கத்துப் படியிலேயே ஏறினாள். துணிக்கடைக்காரர், "அட, அதுக்கா வந்தீங்க? ஜன்னல்தான் திரும்ப வந்தாச்சே, இன்னும் எதுக்கும்மா?" என்றார். அவள் நகராமல் நின்று மறுபடி சொன்னாள். அவர் துணியை மடிப்பதை நிறுத்தினார். "நீங்க சொன்னீங்கன்னுதானே நான் நம்பினேன்" என்றார். அதற்கப்புறம் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளாலும்தான்.

ரொட்டிக்கடை அம்மா கல்லாவுக்குப் பின்னால் இருந்தபடியே, வாடிக்கையாளர்கள் நான்கு பேர் நிற்க, முழுதையும் கேட்டார். "அன்னைக்கு நான்தான் மொதல்ல சிரிச்சேன்" என்றார். "ஒரு நொண்டி மனுஷன் நிஜத்தைச் சொல்லிட்டு நிக்கிறப்ப என்னைச் சிரிக்க வெச்சது நீங்க. போங்க. இப்ப போங்க." அவள் போனாள். நான்கு வாடிக்கையாளர்களும் விலகி வழிவிட்டார்கள்.

பழைய ஆணையரைப் பார்க்க இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்தது. அவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவளை அடையாளம் தெரிந்தது, மகிழ்ச்சியாக உட்காரச் சொன்னார். ஆனால் பூட்டுக்காரரை நினைவில்லை. எந்தப் பூட்டுக்காரர், எந்த ஜன்னல் என்று கேட்டார். அவருக்கு நினைவு வரும்வரை அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது: கட்டையை ஊன்றி வந்தாரே, உட்கார மாட்டேன் என்றாரே, எல்லோரும் சிரித்தார்களே. கடைசியில், "ஓ" என்றார். குழாயை மூடினார். "நான்தானே கேட்டேன், அளந்தீங்களான்னு" என்றார். "கேட்டீங்க சார்" என்றாள்.

மூன்று வாரத்தில் போகவேண்டிய வீடுகள் எல்லாம் முடிந்தன. இதற்கிடையில் கணவர் அச்சகத்தில் அந்தத் திருத்தத் தாளை அச்சேற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவள் வேறு ஒன்று எழுதினாள்: இருபத்தேழாம் எண் கட்டடத்தை நான் அளக்கவில்லை, அளந்ததாகக் குழுவில் சொன்னது பொய். புது ஆணையர் முகத்தைச் சுளித்துவிட்டு, அவளுடைய ஊதிய உயர்வு ஒன்றை நிறுத்திவைத்து, அதை அனுமதித்தார். கணவர் அதை ப்ரூஃப் பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். அச்சானதும் ஒரு பிரதியைக் கொண்டுவந்து மேசையில் அவள் பக்கமாக வைத்தார். அவர்களுக்குள் பேச்சு பழையபடி ஆவதற்கு ஒரு வருடம் ஆயிற்று. அப்போதும் அவர் புத்தகத்தைப் பற்றி யாரிடமும் எடுத்ததில்லை.

அச்சான மறுநாளே ஒரு பிரதியோடு அவள் கடைத்தெருவுக்குப் போனாள். ஜன்னலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. தாளைக் கல்லின் மேல் வைத்தாள்.

"எட்டுப் பேர்கிட்டச் சொல்லிட்டேன்" என்றாள்.

பூட்டுக்காரர் மெதுவாகப் படித்தார். நின்றிருந்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். அவர் மறைக்கவில்லை.

"மீதி மூணு பேரு?"

"தலைமை ஆசிரியர் போன வருஷம் போயிட்டாரு. வக்கீல் அதுக்கு முந்தின வருஷம். அரிசிக்கடைக்காரர் இப்பத்தான், ஒரு மாசம் முன்னாடி."

சொல்லிக்கொண்டே அவள் நாள் கணக்கைப் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரர் வந்து கதவைத் திறந்துவிட்டுப் போன அன்று அரிசிக்கடைக்காரர் உயிரோடு இருந்தார். திருத்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றும் இருந்தார்.

"தலைமை ஆசிரியர்கிட்ட நான் படிச்சேன்" என்றார் பூட்டுக்காரர். "அவரு சிரிக்கல அன்னைக்கு. தலையை மட்டும் குனிஞ்சுக்கிட்டாரு. என்கிட்டப் படிச்ச பையன் இப்படிப் பொய் பேசுறானேன்னு நினைச்சிருப்பாரு."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி" என்றார்.

அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று நின்றாளா, சொல்லிவிடக் கூடாது என்று நின்றாளா, அவளுக்கே தெரியவில்லை. அவர் ஒரு கையில் அரத்தை எடுத்துக்கொண்டு, காத்திருந்தவரின் சாவியை வாங்க மறுகையை நீட்டியபடியே வைத்திருந்தார். அவள் நகர்ந்து அந்த மனிதருக்கு இடம் விட்டாள்.